கொழும்பு மத்தியின் மூன்று புள்ளடிகளைத் திருப்பித் தாருங்கள்

தேர்தல் முறையைத் திருத்தப்போவதாகச் சொல்லிவரும் கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், குறிப்பாகக் கொழும்பு மாவட்டத்தின் 18 பேருக்கும்,

வணக்கம்.

போன மாதம் எங்கள் தொடர்மாடியில் பக்கத்து வீட்டு நானா மௌத்தாகிவிட்டார். நாங்கள் இருப்பது பதினோராம் மாடி. லிஃப்ட் இரண்டும் ஐந்து மாதமாக ஓடவில்லை. பள்ளிவாசலிலிருந்து, இறந்தவரின் உடலைச் சுமக்கும் பெட்டியான சந்தூக்கு வந்தது. வெறும் சந்தூக்கு என்பதால் மேலே ஏற்றிவிட்டார்கள். இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் சந்தூக்கைப் படுத்த வாக்கில் திருப்ப இடமில்லை. தலைமாட்டைச் சுவரோடு சேர்த்து உயர்த்தி, ஆளை நிறுத்திவைத்த மாதிரிச் சாய்த்து, கீழே நிற்பவன் நெஞ்சாலே முட்டுக்கொடுத்து, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். நான் முன்னால் டார்ச் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இருபத்திரண்டு திருப்பங்கள். ஆறாம் மாடியில் கால் இடறியபோது மூத்த மகன் "வாப்பா, மன்னிச்சிக்கோங்க" என்றான். அதன் பிறகு கீழே வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லிஃப்ட்டுக்கும் தேர்தல் முறைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த ஐந்து மாதத்தில் உங்களில் மூவருடைய அலுவலகங்களுக்குப் போனோம். ஒரு இடத்தில் இணைப்புச் செயலாளர், "எங்கள் ஐயா அதிகம் பார்ப்பது கோட்டே பக்கம்" என்றார். இன்னொரு இடத்தில், "உங்கள் தொகுதி அமைப்பாளரைச் சந்தியுங்கள்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் தேநீர் தந்து, எங்களோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் நன்றாகவே வந்திருந்தது. தொகுதி அமைப்பாளருக்கு நாங்கள் யாரும் வாக்குப் போட்டதில்லை. கட்சி நியமிக்கிறது, கட்சியே மாற்றுகிறது. அவரிடம் நாங்கள் எந்த உரிமையில் கேட்பது?

நான் பிறந்தது வாழைத்தோட்டத்தில், ஒரு தோட்டத்து வீட்டில். நெருக்கியடித்த வரிசை வீடுகளைத்தான் கொழும்பில் தோட்டம் என்போம். அது கொழும்பு மத்தித் தொகுதி. 1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது 89 தொகுதிகளில் மூன்று அங்கத்தவர்களைத் தெரிவுசெய்தது இது ஒன்றுதான். சிறுபான்மைகள் ஒரே இடத்தில் கலந்து வாழும்போது ஒருவருடைய வெற்றியில் மற்றவர்கள் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த முதல் தேர்தலில் வந்த மூவரைப் பாருங்கள்: மலாயரான ரீ. பி. ஜாயா, சிங்களவரான ஏ. ஈ. குணசிங்க, பறங்கியரான பீட்டர் கெனமன். ஒருவர் ஐக்கிய தேசியக் கட்சி, ஒருவர் தொழிற் கட்சி, ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சி. "தமிழர் இல்லையே" என்று என் தம்பி இன்றும் குறைப்படுவான். குறை நியாயமானது. குணசிங்க கொழும்புத் தொழிலாளரைத் தட்டியெழுப்பியவர். முப்பதுகளில் மலையாளிகளுக்கு எதிராகக் குரல் எழுப்பியவரும் அவரே. யாரையும் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் மூன்று பேர் இருந்தபடியால், ஒருவர் கதவைச் சாத்தினால் அடுத்த கதவைத் தட்டலாம்.

வாக்காளருக்கும் மூன்று வாக்குகள், அதாவது மூன்று புள்ளடிகள். மூவருக்குப் பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒருவருக்கே குத்தியும் விடலாம். 1970இல் என் அம்மா இரண்டு புள்ளடியை ஐக்கிய தேசியக் கட்சியின் ஆர். பிரேமதாசவுக்குப் போட்டார். "நம்ம வாழைத்தோட்டத்துப் பிள்ளை" என்பது காரணம். மூன்றாவதைக் கெனமனுக்குப் போட்டார். எதிர்க்கட்சிக்காரருக்கும் போட்டீர்களா என்று அப்பா சண்டை பிடித்தார். "மூணு வாக்கு தந்தா மூணு யோசனையும் செய்யத்தானே வேணும்" என்றார் அம்மா. இருவருமே வென்றார்கள். வென்ற மூன்றாமவர் பலீல் கபூர்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். கெனமன் வீடமைப்பு அமைச்சரானார். வாடகைக் குடியிருப்பாளரைப் பாதுகாக்கும் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் அந்த ஆட்சியில்தான் வந்தன. 1977இல் அவர் தோற்றார்; பிரேமதாச வென்று, அதே வீடமைப்பு அமைச்சைப் பொறுப்பேற்றார். அடுத்தடுத்து இரண்டு வீடமைப்பு அமைச்சர்கள், இரண்டு எதிரெதிர்க் கட்சிகள், ஒரே தொகுதி. குடிசையும் தோட்டமும் நிறைந்த இடத்திலிருந்து போனவர்களுக்கு வீடு என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தொகுதியில் பிறந்த நான் இன்று பதினோராம் மாடியில், ஓடாத லிஃப்ட்டுக்கு முன்னால் நிற்கிறேன்.

1977 ஜூலை 21 நான் முதன்முதலாக வாக்களித்த நாள். அதுவே கொழும்பு மத்தியின் கடைசித் தேர்தல் என்று அன்று எனக்குத் தெரியாது. 168 ஆசனங்களில் 140ஐ ஐக்கிய தேசியக் கட்சி அள்ளிக்கொண்டு போன அலை அது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு நாடு முழுவதும் மிஞ்சியது எட்டு. அந்த எட்டில் ஒன்று கொழும்பு மத்தியின் மூன்றாவது ஆசனம், ஹலீம் இஷாக். பிரேமதாசவும் ஜாபிர் ஏ. காதரும் ஆளும் தரப்பில் இருக்க, எங்களுக்காகக் கேள்வி கேட்க எதிர்த்தரப்பிலும் ஒருவர் இருந்தார். அதே தேர்தலில் நுவரெலியா-மஸ்கெலியாவும் மூன்று அங்கத்தவர் தொகுதி. காமினி திசாநாயக்கவோடும் அநுர பண்டாரநாயக்கவோடும் சேர்ந்து மலையகத் தமிழர் தலைவர் தொண்டமான் பாராளுமன்றம் போனதும் இதே முறையால்தான்.

பிறகு 1978 யாப்பு வந்தது, கட்சிகள் பெறும் வாக்குக்கு ஏற்ப ஆசனங்களைப் பங்கிடும் விகிதாசாரம் வந்தது. 1982இல் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, விளக்கா குடமா என்று கேட்டுத் தேர்தலையே தள்ளிப்போட்டார்கள். 1989 பெப்ரவரியில் புதிய முறையில் வாக்களித்தபோது எங்கள் மூன்று அங்கத்தவர்கள் மாவட்டத்துக்குள் கரைந்துவிட்டார்கள். மொறட்டுவையிலிருந்து அவிசாவளை வரை 15 தொகுதிகள் ஒரே சட்டிக்குள். விகிதாசாரம் சிறுபான்மைக்கு நல்லது செய்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக 18 பேர் இருந்தும் எங்களுக்கென்று யாரும் இல்லை என்பதை ஜனாஸா இறக்கிய இரவில் படிப்படியாக எண்ணிப் பார்த்தோம்.

கொடுமை என்னவென்றால், தேர்தல் இரவில் இன்றும் "கொழும்பு மத்தி தேர்தல் தொகுதியின் முடிவு" என்று தொலைக்காட்சியில் அறிவிக்கிறார்கள். தொகுதி இருக்கிறது, முடிவு இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஆகவே என் கோரிக்கை: புதிய முறை எதுவானாலும் கொழும்பு மத்தியைப் பல அங்கத்தவர் தொகுதியாகத் திரும்பத் தாருங்கள். மேலே விகிதாசாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில் பல அங்கத்தவர் வட்டாரம் இன்றும் இருக்கத்தானே செய்கிறது. வட்டாரத்துக்குச் சரியானது தொகுதிக்குச் சரிவராதா?

தேர்தல் காலத்தில் மட்டும் நீங்கள் எங்களைத் தேடி வருவதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கட்சிப் பட்டியலில் 21 பேர். மதிலெல்லாம் வேட்பாளர்களின் விருப்பு வாக்கு இலக்கங்கள், லொத்தர் சீட்டுக் கடை மாதிரி. அதே கட்சிக்காரர் ஒருவரின் சுவரொட்டிக்கு மேல் மற்றவர் ஒட்டுகிறார். எங்கள் லிஃப்ட் கதவில் கூட ஒன்று இருந்தது. இப்போது அதைக் கிழித்துவிட்டு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். சிங்களம் சரியாக இருக்கிறது. தமிழில் "மின்தூக்கி வேளை செய்யாது" என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து மாதம் ஓடாததைப் பார்த்தால் எழுதியவர் நேரத்தைப் பற்றித்தான் சொல்கிறார் போலிருக்கிறது.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்தருளவும். கேட்பது ஒன்றுதான். மூன்று அங்கத்தவர், மூன்று புள்ளடி. கொழும்பு மத்திக்குத் திரும்பத் தாருங்கள். தேர்தல் முறைத் திருத்தம் பற்றி நீங்கள் அடுத்த முறை கூடும்போது இதை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். முடியுமானால் உங்களில் ஒருவர் நேரில் வந்தும் பேசலாம். படியேறித்தான் வர வேண்டும். ஏழாம் மாடியில் இளைப்பாற ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பதினோராம் மாடியிலிருந்து,
கொழும்பு மத்தியின் பழைய வாக்காளன்