நால்வர் கச்சேரிக்குப் பிள்ளைகளோடு நீங்களும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நம் பள்ளி மண்டபத்தில் ஒரு கச்சேரி நடக்கிறது. கோலாலம்பூரிலிருந்து நான்கு இளம் கலைஞர்கள் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறார்கள். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. இப்படி நால்வர் சேர்ந்து வாசிப்பதை மேற்கத்திய இசையில் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்பார்கள். முக்கால் மணி நேரம்தான். கட்டணம் கிடையாது.

போன வாரம் பள்ளி வாசலில் ஓர் அம்மா, "இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குப் புரியுமா டீச்சர்?" என்று கேட்டார். அக்கறையோடு கேட்ட கேள்வி. நின்றபடியே சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வயலின் நம் கச்சேரிக்கு வந்து இருநூறு வருடம் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற இசைக் கலைஞர் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தில் செய்த வயலினையே பரிசளித்தார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ, ஆங்கிலேயர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். நோட்டுஸ்வரம் என்பது அதுதான். கோயில் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் 'சக்தி சஹித கணபதிம்' பாடுவார்களே, அது அந்த வகை. சனிக்கிழமை அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், சம்மதித்துவிட்டார்கள். தெரிந்த பிள்ளைகள் கூடவே பாடலாம்.

அப்புறம் ஹைடன் என்ற இசையமைப்பாளர். நால்வர் வாசிக்க எழுதும் இசைக்கும் குவார்ட்டெட் என்றுதான் பெயர். குவார்ட்டெட்டின் தந்தை என்று சொல்லப்படுபவர். 1732இல் ஆஸ்திரியாவில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா வண்டிச் சக்கரம் செய்கிறவர், அம்மா பிரபு வீட்டில் சமையல் செய்தவர். அப்பாவுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனாலும் ஹார்ப் வாசிப்பாராம், வீடே கூடப் பாடுமாம். அந்த வீட்டுப் பிள்ளைதான் 68 குவார்ட்டெட்டுகள் எழுதினார். திருவிழாவில் தப்பும் உறுமியும் கேட்டு வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, எனக்குத் தோட்டத்து லயத்து வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அவர் 1781இல் எழுதிய ஒரு குவார்ட்டெட்டின் கடைசிப் பகுதியை வாசிக்கப் போகிறார்கள். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முடிந்துவிட்டது என்று நாம் கை தட்டப் போகும்போது மறுபடி தொடங்கும். நிற்கும். திரும்பவும் தொடங்கும். உண்மையில் எப்போது முடிகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தயவுசெய்து நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள், குறிப்பாக ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களை. வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் முடி. வெறும் முடியை நரம்பில் இழுத்தால் சரியாகச் சத்தம் வராது, அதில் ரோசின் தேய்க்க வேண்டும். பைன் மரத்தின் பட்டையைக் கீறி, வடிகிற பிசினைப் பிடித்து, காய்ச்சி இறுகவைத்த கட்டிதான் ரோசின். மரத்தைக் கீறி மங்குக் கிண்ணத்தில் பால் பிடித்த கைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் கட்டியை எல்லாரும் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

இதனால் மதிப்பெண் கூடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தான பிறகும் எதைச் சொன்னாலும் 'சோதனைக்கு உதவுமா' என்ற கேள்வி நம்மை விடவில்லை. நான் செல்லோவை முதன்முதலில் நேரில் கேட்டது 23 வயதில். பக்கத்தில் யாரோ வாய்திறக்காமல் பாடுவதுபோல் இருந்தது, திரும்பிப் பார்த்தேன். நம் பிள்ளைகள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ஏழு வயதிலேயே கேட்கட்டும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். 'அமைதியா உட்காரு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அதட்டல்தான் அவர்கள் நினைவில் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில், செல்லோ எந்த மிருகம் மாதிரி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சில ஏற்பாடுகள். மண்டபத்துக் காற்றாடிகளை வேகமாகச் சுழலவிட முடியாது, சத்தம் கேட்கும், இசைக்குறிப்புத் தாள்கள் பறக்கும். அதனால்தான் வெயில் ஏறும் முன் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் வர வேண்டியதில்லை. தோட்டங்களிலிருந்து பள்ளிப் பேருந்து வழக்கமான இடங்களில் 8.15க்கு நிற்கும், பெற்றோரும் ஏறிக்கொள்ளலாம். கச்சேரி முடிந்ததும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நாசி லெமாக்கும் தேநீரும் தருகிறது. கைக்குழந்தை அழுதால் சங்கடப்பட வேண்டாம். வராந்தாவில் நாற்காலி போட்டிருப்போம். சமாதானம் ஆனதும் உள்ளே வந்து உட்காருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்