கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சிறுகதை எழுதுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உச்சக்கட்டத்தைத் திட்டமிடக் கூடாதாம், எழுதுகிறவருக்கே அது திடீரென்று வர வேண்டுமாம். 30 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள் நான். திடீரென்று வந்த உச்சக்கட்டங்கள் ஏராளமாக என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு துப்பாக்கி முளைக்கும். இல்லையென்றால் யாருக்காவது மாரடைப்பு வரும். மூன்று ஆச்சரியக்குறிகளை ஒன்றாகக் குறைப்பதுதான் எனக்கு வேலை.

ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு கதை எழுதினேன். அண்ணன் வெளியே போன நேரத்தில் தங்கை அவனுடைய அலமாரியில் ஒரு பத்திரத்தைத் தேடுகிறாள். அவன் திரும்பி வந்துவிடுகிறான். முதல் பிரதியில் அவன் வருவதை மறைத்துவைத்தேன். கதவு படாரென்று திறந்தது. அதைப் படித்துப் பார்த்த என் மகள் 'சரி' என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். அந்தச் 'சரி' இரண்டு நாள் உறுத்தியது.

அடுத்த பிரதியில், அவன் தெருமுனையில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்புவதை முன்பே காட்டிவிட்டேன். கண்ணாடி இருப்பது அவள் திறந்து வைத்திருக்கும் அதே அலமாரியில். அவளோ உள்ளே கிடந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்து நிதானமாகப் படிக்கிறாள். "அதைக் கீழே வை!" என்று என் மகள் காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சிலப்பதிகாரம் எதை மறைத்தது? சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது கண்ணகி அவைக்கு வருமுன்பே நமக்குத் தெரியும். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். அந்தச் சொல்லிலேயே தீர்ப்பு முடிந்தது, சிலம்பு உடைவது அதற்குப் பிறகுதான். நடுவில் நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

இன்னொன்று, எழுதுமுன் அந்த அறையைத் தாளில் வரைந்து பாருங்கள். கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா என்று நான் யோசித்ததே இல்லை. வரைந்த பிறகுதான், அண்ணன் கதவைத் தள்ளினால் அந்தக் கதவே தங்கையை மறைத்துவிடும் என்று தெரிந்தது. கையில் பத்திரத்தோடு சுவரில் ஒட்டி நிற்கிறாள் அவள். அவன் இரண்டடி தள்ளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். நான்கு நிமிட நிகழ்ச்சிக்கு மூன்று பக்கம் கொடுத்தேன். அது என் கற்பனையில் உதித்ததல்ல, பென்சில் கொடுத்தது.

ஒன்றை மட்டும் கட்டுரையாளருக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவன் கதவைச் சாத்தியதும் இருவரும் என்ன பேசுவார்கள் என்பதை நான் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. தங்கை மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அலமாரியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்