காயமா, புண்ணா, அதிர்ச்சியா? மருத்துவப் படிவங்களைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

'ட்ராமா' (trauma) என்ற ஒரே ஆங்கிலச் சொல் உங்கள் தமிழ்ப் படிவங்களில் ஓரிடத்தில் 'காயம்' என்றும் வேறோரிடத்தில் 'அதிர்ச்சி' என்றும் வருகிறது. 'அதிர்ச்சி' என்ற சொல்லை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கிரேக்கத்தில் 'ட்ராமா' என்றால் உடம்பில் பட்ட காயம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது மனத்துக்கும் ஆகிவந்தது. ரயில் விபத்தில் சிக்கியவர்கள் வெளிக்காயம் ஏதுமின்றியே தூக்கம் கெட்டு நடுங்குவதை ஐரோப்பிய மருத்துவர்கள் விவாதித்த காலம் அது. தமிழுக்கோ இது பழகிய தடம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் 'புறப்புண் நாணி', அதாவது முதுகில் பட்ட புண்ணுக்கு வெட்கி, வடக்கிருந்ததை (வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து உயிர்விட முனைந்ததை) புறநானூறு 65 பாடுகிறது. உடம்பின் புண்ணும் மனத்தின் நாணமும் அங்கே ஒரே தொடரில் நிற்கின்றன.

இன்றைய பேச்சிலும் இந்தச் சொற்கள் துல்லியமானவை. காயம் 'படும்', புண் 'வரும்'. காயத்துக்கு அடியோ வெட்டோ வேண்டும். புண் தானாகவும் வரும், சீழும் பிடிக்கும். சர்க்கரை நோயாளியிடம் "காலில் காயம் உண்டா?" என்று படிவம் கேட்டால், பாதத்தில் ஆறாப் புண்ணோடு இருப்பவரும் 'இல்லை' என்றே எழுதுவார், அவர் எங்கும் அடிபடவில்லையே! "காலில் காயமோ, புண்ணோ, கொப்புளமோ இருக்கிறதா?" என்று கேளுங்கள். புண் திராவிட மொழிகளின் பொதுச்சொத்து: கன்னடத்தில் ஹுண்ணு, தெலுங்கில் புண்டு.

மருத்துவத்தில் அதிர்ச்சி ('ஷாக்') என்பது வேறு. ரத்த அழுத்தம் சரிந்து, நாடி விரைந்து, தோல் சில்லிட்டு வியர்க்கும் உயிராபத்து அது. முதலுதவித் துண்டறிக்கையில் அதற்கும் மனத்துயருக்கும் ஒரே சொல்லைப் போட்டால், உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டியவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இலங்கைத் தமிழ் உளமருத்துவத்தில் 'மனவடு' வழங்குகிறது. அழகான சொல். ஆனாலும் வடு, புண் ஆறியபின் நிற்கும் தழும்பு. 'நாவினாற் சுட்ட வடு' ஆறாது என்று குறள் 129 வேறு நம் காதில் ஒலிக்கிறது. சிகிச்சைக்கு வந்தவரிடம் ஆறாத ஒன்றின் பெயரையா சொல்வது? அதனால் எங்கள் தேர்வு 'மனக்காயம்'.

அடுத்த பதிப்பில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய' என்று தொடங்கும் நோய்ப்பெயரை (ஆங்கிலத்தில் PTSD) 'மனக்காயத்துக்குப் பிந்தைய' என்று மாற்றுங்கள். 'ட்ராமா வார்டு' என்ற பலகையில் 'விபத்துக் காயப் பிரிவு' என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்