எருமைக் கொட்டகை விளக்கை அணை

வேலூர்

அன்புள்ள ஏழுமலைக்கு,

பதில் எழுதத் தாமதம்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இலவம்பாடிக் கத்திரிக்காய் வந்து சேர்ந்தது, வீட்டில் எல்லோரும் நலம், வெயில் வழக்கம்போல் தோலை உரிக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

கொட்டகையில் இரண்டு 50 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் மாட்டி விடியவிடிய எரியவிடுகிறாய் என்று நாலாவது பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். முதல் பக்கத்தில் "நாலு எருமை பருவத்துக்கே வரல, ஊசி போடுற தம்பிக்குக் கை சரியில்ல" என்று புலம்பல். அடேய், பருவத்துக்கே வராத எருமைக்கு அந்தத் தம்பி எங்கே ஊசி போடுவான்? அவனை விடு. லைட்டை அணை.

வெளிச்சம் கூடினால் பால் கூடும் என்று தீவனக்காரன் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. கறக்கிற கலப்பினப் பசுவுக்கு ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு என்று கொடுத்தால், சில வாரங்களில் பால் 2 லிட்டர் அளவுக்கு ஏறும். பல நாடுகளில் செய்து பார்த்த கணக்கு. மாட்டின் கண் மட்டத்தில் சுமார் 150 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். ஆனால் அந்த 8 மணி இருட்டை எடுத்துவிட்டு 24 மணி நேரமும் எரியவிட்டால் அந்த லாபம் இல்லை. வெளிச்சம் எங்கே முடிகிறது என்று மாட்டின் மூளைக்குத் தெரிந்தால்தான் அது நீண்ட பகல். முடியவே முடியாத பகலை அதனால் அளக்க முடியாது. இன்னொன்று: பால் வற்றிய சினைமாட்டுக்குக் கணக்கு தலைகீழ். கடைசி இரண்டு மாதம் 8 மணி வெளிச்சம், 16 மணி இருட்டு கொடுத்த மாடுதான் அடுத்த ஈற்றில் கூடுதலாகக் கறக்கிறது. கறவையையும் வற்றலையும் ஒரே கூரையின்கீழ், ஒரே லைட்டின்கீழ் கட்டி வைத்திருக்கிறாய் நீ.

இருட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்பாய். கண்ணுக்குள்ளே பார்ப்பதற்கு அல்லாமல், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கென்றே சில நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி. 480 நானோமீட்டர் பக்கம், அதாவது நீல ஒளிக்குத்தான் அது அதிகம் துடிக்கும். பார்வை அறவே போன சிலருக்கும் இந்த அணுக்கள் உயிரோடு இருப்பதால் உடம்புக் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது. அங்கிருந்து செய்தி, இரண்டு கண் நரம்புகளும் குறுக்காகப் போகிற இடத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற எஸ்.சி.என். என்ற கடிகாரத்துக்குப் போகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 20,000 நரம்பணுக்கள், அவ்வளவுதான். 1990இல் மைக்கேல் மெனக்கரும் மார்ட்டின் ரால்ஃபும் 20 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிற ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் எஸ்.சி.என்.னை எடுத்து, எஸ்.சி.என். அழிக்கப்பட்ட சாதாரண ஹாம்ஸ்டருக்கு ஒட்டவைத்தார்கள். ஒட்டிய பிறகு அதுவும் 20 மணி நேரக் கணக்கில்தான் ஓடியது. கடிகாரம் எங்கே இருக்கிறது என்ற வாதம் அதோடு தீர்ந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. கடிகாரமும் மூளைக்குள், மெலடோனின் என்ற ராத்திரி ஹார்மோனைச் சுரக்கிற பீனியல் சுரப்பியும் மூளைக்குள். இரண்டுக்கும் நேர்வழி கிடையாது. உத்தரவு மூளையை விட்டே வெளியேறி, தண்டுவடத்தில் இறங்கி, மார்பின் மேல்பகுதியில் வெளிவந்து, கழுத்தில் உள்ள நரம்பு முடிச்சுக்கு ஏறி, அங்கிருந்து ரத்தக்குழாய்களோடு மறுபடி மண்டைக்குள் போய்ப் பீனியலைத் தொடுகிறது. அந்த முனையில் நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் சுரந்தால்தான், செரட்டோனினை மெலடோனின் ஆக்குகிற நொதி வேலை செய்யும். கழுத்துத் தண்டுவடம் முறிந்தவர்களுக்கு ராத்திரி மெலடோனின் எழும்புவதே இல்லை என்பதற்கு இந்தச் சுற்றுவழிதான் காரணம்.

பீனியல் எதையும் சேமித்து வைக்காது. செய்ததும் ரத்தத்தில் விட்டுவிடும், ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் கழிந்துவிடும். ஆகவே ரத்தத்தில் மெலடோனின் எத்தனை மணி நேரம் இருக்கிறதோ, அத்தனை நேரம்தான் ராத்திரி. நடுவில் பளிச்சென்று லைட் போட்டால் சில நிமிடங்களில் சரசரவென்று இறங்கும். பௌர்ணமி நிலா அதிகம் போனால் 0.3 லக்ஸ் அளவுதான், அதனால் குடி கெடாது. உன் ஃபோகஸ் லைட் கொட்டகைக்குள் 100 லக்ஸை அநாயாசமாகத் தாண்டும், அதுவும் நீலம் தூக்கலான வெள்ளை. உன் எருமைகளுக்கு ராத்திரி என்ற ஒன்றே கிடையாது.

நம் வேதாசலம் வாத்தியார் பீனியலை நெற்றிக்கண் என்று பாடம் நடத்துவாரே, அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. வேலியில் தலையாட்டுகிற ஓணானைப் பிடித்து உச்சந்தலையைப் பார். செதில்களுக்கு நடுவில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். உண்மையிலேயே வெளிச்சத்தை உணர்கிற உறுப்பு, பீனியலின் கூடப்பிறந்தது. பாலூட்டிகளில் அந்தக் கண் போய்விட்டது, சுரப்பி மட்டும் மிஞ்சியது. நமக்கெல்லாம் வயதாக ஆக அதில் சுண்ணாம்பு படியும். எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வாத்தியாருடையது முழுக்கச் சுண்ணாம்பு என்று பெரிய கோபால் சொல்வான்.

மெலடோனின் என்றால் தூக்க மருந்து என்று ஊர் பூரா பேச்சு. ராத்திரியில் ஓடியாடுகிற எலிக்கும் வௌவாலுக்கும் அது ராத்திரியில்தான் சுரக்கிறது. தூக்கம் என்றால் அவை எப்படி இரை தேடும்? அது இருட்டின் நீளத்தைச் சொல்கிற செய்தி, அவ்வளவுதான். செய்தியை வைத்து என்ன செய்வது என்பது கேட்கிறவன் பாடு. ஆம்பூர் ஷூ கம்பெனிச் சங்கு மாதிரி: ஒரே சங்குக்கு ஒரு ஷிஃப்ட் உள்ளே போகும், ஒரு ஷிஃப்ட் வெளியே வரும். குளிர்நாட்டுச் செம்மறி ராத்திரி நீண்டால் பருவத்துக்கு வருகிறது. ஐந்து மாதச் சினை, வசந்தத்தில் குட்டி. குதிரைக்குப் பதினோரு மாதம், அதனால் அது பகல் நீளும்போது சேர்ந்தால்தான் அடுத்த வசந்தத்தில் குட்டி. சிரிய ஹாம்ஸ்டருக்கு வெறும் 16 நாள் சினை. பகல் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் ஆணுக்கு விதையே சுருங்கிவிடும், பீனியலை எடுத்துவிட்டால் சுருங்காது. எருமை செம்மறி கட்சி. ராத்திரி நீள்கிற மாதங்களில் சினை பிடித்து, சுமார் 310 நாள் சுமந்து, பசுந்தீவனம் இருக்கிற மழைக்காலத்தை ஒட்டிக் கன்று போடும். நவம்பர் தொடக்கத்தில் பிடித்தால் செப்டம்பரில் கன்று.

செய்தியைக் கேட்கிற காது எங்கே என்பதுதான் எனக்கு இப்போது பைத்தியம் பிடித்த சங்கதி. மூளையின் அடியில் தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பியின் காம்பைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று, பார்ஸ் டியூபராலிஸ். மெலடோனின் வாங்கிகள் அதில் மொய்த்துக் கிடக்கின்றன. ராத்திரி குறுகினால் அந்த உறை டி.எஸ்.எச். சுரக்கும். ஆமாம், தங்கச்சி தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துப் பார்க்கிறதே, அதே டி.எஸ்.எச்.தான். ஆனால் இது கழுத்துக்குப் போவதில்லை; பின்னோக்கி மூளைக்கே போகிறது. அங்கே மூளைக்குழியின் சுவரில் உள்ள டானிசைட் அணுக்கள், தைராய்டு ஹார்மோனில் வீரியம் குறைந்த டி4ஐ வீரியமான டி3 ஆக்குகின்றன. நீண்ட பகலில் மூளையின் அந்த அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் டி3 ஏறும், குறுகிய பகலில் இறங்கும். முதலில் இதைப் பிடித்தது ஜப்பானியக் காடையில், 2003இல், நகோயாவில் யோஷிமுராவின் குழு. நாம் வறுத்துத் தின்கிற அதே காடை. செம்மறியிலும் வழி இதுவே. டி3 ஏறினால் ஹாம்ஸ்டருக்குப் பருவம் திறக்கும், செம்மறிக்கு மூடும். தைராய்டை எடுத்துவிட்ட பெண்செம்மறிக்குப் பருவம் தொடங்கும், ஆனால் முடியவே முடியாது. டி4 கொடுத்தால்தான் நிற்கும். அதற்கடுத்த படியில் கிஸ்பெப்டின் நரம்பணுக்கள். அவைதான் கருப்பையையும் சூலகத்தையும் ஆட்டிவைக்கிற ஹார்மோன் வரிசையைத் தட்டிவிடுகின்றன.

ஆட்டுக்காரர்கள் இதை வைத்துக் காசு பார்க்கிறார்கள். 18 மில்லிகிராம் மெலடோனின் குச்சியைப் பெட்டையின் காதடித் தோலுக்குக் கீழே வைப்பார்கள். பகலிலும் ரத்தத்தில் மெலடோனின் நிற்பதால் மூளை குளிர்காலம் வந்துவிட்டது என்று நம்பும். கிடாவைக் கண்ணில் படாமல் தள்ளிக் கட்டி, 35 முதல் 40 நாள் கழித்து உள்ளே விடுவார்கள். பிரான்சில் வெள்ளாட்டுக்கு முதலில் இரண்டு மாதம் 16 மணி வெளிச்சம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் குச்சி. அந்த முன்வேலையைத் தாண்டிக் குதித்தால் காசு கரியாகும். ஏனென்றால் மூளை நேற்றைய பகலோடு இன்றைய பகலை ஒப்பிடுகிறது: 16இல் இருந்து 14க்கு இறங்கினால் இலையுதிர்காலம், 10இல் இருந்து 14க்கு ஏறினால் வசந்தம். அதே 14தான்.

இதைப் படித்ததும் குச்சி வாங்கக் கிளம்பிவிடாதே, உன்னைத் தெரியும் எனக்கு. இது வேலூர். நமக்கு ஜூனில் பகல் 12 மணி 50 நிமிடத்துக்குச் சற்று மேல், டிசம்பரில் சுமார் 11 மணி 25 நிமிடம். வித்தியாசமே ஒன்றரை மணி நேரம். டெல்லியில் மூன்றரைக்கு மேல், லண்டனில் எட்டரைக்கு மேல். நம்மூர் நாட்டு வெள்ளாடு வருஷம் பூராவும் குட்டி போடுவதற்கு அதுதான் காரணம். அதற்குத் தழைதான் பஞ்சாங்கம். உன் முர்ராக் கலப்பின் பூர்வீகமோ ஹரியானா. அதன் மூளைக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் பிடிமானம், அதையும் நீ ஃபோகஸ் போட்டு அழிக்கிறாய்.

ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், உன் நாலு எருமைக்கும் முதல் காரணம் வெயில்தான், லைட் இரண்டாவது. கறுப்புத் தோல், பசுவோடு பார்த்தால் வியர்வைச் சுரப்பி மிகக் குறைவு. சூட்டில் புரோலாக்டின் என்ற பால் ஹார்மோன் ஏறும், நீண்ட வெளிச்சத்திலும் ஏறும். ஏறினால் பருவ ஹார்மோன்களை அமுக்கும். எருமை பருவத்துக்கு வந்தாலும் ஊமையாக வரும், கத்தாது, தாவாது. அறிகுறியும் பெரும்பாலும் ராத்திரியில். நீ பகல் பதினொரு மணிக்குப் பீடியோடு நின்று பார்த்தால் என்ன தெரியும்? ராத்திரி பத்து மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் பார். அறையில், அதாவது பிறப்புறுப்பில், கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா, அடிக்கடி சொட்டுச்சொட்டாக மூத்திரம் விடுகிறதா, மடியில் பால் திடீரென்று குறைகிறதா. காலையில் கண்டால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. தவறினால் 21 நாள் காத்திரு.

லைட்டை இப்படி வை. கறவைப் பசுவுக்கு ராத்திரி ஒன்பது, ஒன்பதரை வரை எரியட்டும், அப்புறம் அணைத்துவிடு. பருவத்துக்கு வராத எருமையையும் வற்றலையும் கிடாரியையும் தட்டி வைத்து மறைத்துத் தனியாகக் கட்டு. அவற்றுக்குப் பொழுது சாய்ந்தால் இருட்டுதான். பாம்பு பயம் என்பாய். ஒரு சின்ன சிவப்பு பல்பு போதும். மெலனாப்சினுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது. மத்தியானம் குட்டையில் விடு. குட்டை வற்றிவிட்டால் பைப்பில் இரண்டு மூன்று தடவை முதுகு நனைய அடி. தாது உப்புக் கலவை தலைக்கு நாளொன்றுக்கு 50 கிராம், தவிட்டில் கலந்து. இவ்வளவும் செய்து, மழை விழுந்து, ராத்திரி நீண்ட பிறகும் வரவில்லை என்றால் டாக்டரைக் கையை விட்டுப் பார்க்கச் சொல்.

வெளிச்சம் மட்டும்தான் கடிகாரத்தைத் திருத்தும் என்றும் முடிவுகட்டிவிடாதே. மதுரைச் சமணர் மலைக் குகையில் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் வௌவாலைக் கும்மிருட்டில் கூண்டில் அடைத்துப் பார்த்தார்கள். கூட்டத்தார் சாயங்காலம் வெளியே பறப்பதை உணர்ந்தே அது நேரம் தவறாமல் இருந்தது. வௌவாலே இல்லாத குகையில் வைத்தபோது கடிகாரம் தன் போக்கில் நழுவியது. நம் ஊரில் நம் ஆட்கள் செய்த வேலை, 1981இல் வந்தது. வாத்தியார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை பார்.

அப்புறம் உன் மகன். சென்னையில் அமெரிக்க ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலையில் 10 மில்லிகிராம் மெலடோனின் போட்டும் தூக்கம் வரவில்லை என்கிறாயே. விளையாட்டில்லை, இதை அவனிடம் படித்துக் காட்டு. கடிகாரத்தை நகர்த்த அரை மில்லிகிராம்கூடப் போதும். அளவைவிட நேரம்தான் முக்கியம். சாயங்காலம் போட்டால் கடிகாரம் முன்னே வரும், காலையில் போட்டால் பின்னே தள்ளும். அவனுக்குப் பின்னே தள்ளுவதுதான் வேண்டும், சரி. ஆனால் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை வெயில் முகத்தில் அடிக்க பைக்கில் வருகிறான். அந்த வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. மாத்திரை ஒரு பக்கம், சூரியன் ஒரு பக்கம். கறுப்புக் கண்ணாடி போட்டு வரட்டும், அறைக்குக் கனமான திரை போடட்டும், வேலையின் முற்பாதியில் நல்ல வெளிச்சத்தில் உட்காரட்டும். லீவு நாளில் முழுக்கப் பகல் மனிதனாக மாறி, திங்கட்கிழமை மறுபடி கவிழ்வதுதான் உடம்பை அதிகம் கெடுக்கிறது. சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளச் சொல். நம் வயதில் வருவது அவனுக்கு இப்போதே வந்துவிடக் கூடாது.

எருமைகள் கன்று போட்ட தேதி நோட்டை, அம்மாவாசைக் கணக்கில் குறித்திருந்தாலும் பரவாயில்லை, குப்பனிடம் கொடுத்தனுப்பு. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு வருகிறான் அல்லவா?

அன்புடன்,
தணிகை

பி.கு.: நீ பிரஷருக்குப் போடுகிற மாத்திரை அட்டெனோலாலா? அந்த ரகம் பீனியலுக்குப் போகிற நார்அட்ரினலின் உத்தரவை அடைத்து ராத்திரி மெலடோனினைக் குறைக்கும். நடுராத்திரி முழித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே. நீயாக நிறுத்தித் தொலைக்காதே. அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் கேள்.