படம் எடுக்க வேண்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வாகனத் திருட்டைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது நல்ல யோசனைதான். கட்டுரையாளர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு படம்கூட எடுத்து வைக்காதவர்கள்தான் வண்டி போனதும் ஸ்டேஷன் வாசலில் நின்று போலீசைக் குறை சொல்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வாசலில் நின்றவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படம் இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை டிவிஎஸ் எக்ஸ்எல்லைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் மகளை நிற்கவைத்து எடுத்த படங்கள். நம்பர் தெரியும், டேங்கில் இருக்கும் நசுங்கல் தெரியும், சீட்டுக்கு நானே தைத்துப் போட்ட சிவப்பு ரெக்சின் உறையும் தெரியும். கொரோனாவுக்கு முந்தின வருஷம், பஸ் நிலையத்தை ஒட்டிய ஸ்டாண்டிலிருந்து வண்டி போனபோது இத்தனையையும் காட்டினேன். ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா உங்க பொண்ணா?" என்று கேட்டார். என் படத்துக்குக் கிடைத்த விசாரணை அவ்வளவுதான்.

அப்புறம் அது அவர்கள் லிமிட் இல்லை என்று வேறு ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். அங்கே புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். போட மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. திருட்டு மாதிரியான குற்றத்தைப் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொன்னது தாங்கள் அறியாததல்ல. ஸ்டாண்டுக்காரரோ டோக்கனைத் திருப்பிக் காட்டினார்: 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' பிறகு எதற்கு ஐயா காசு வாங்குகிறார்கள், நிழலுக்கா? ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கார் திருடு போன வழக்கில், கார் உரிமையாளரே பொறுப்பு என்று பார்க்கிங் சீட்டில் அச்சடித்துவிட்டு ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று 2019இல் தீர்ப்பு வந்தது. காருக்கு வந்த நியாயம் எக்ஸ்எல்லுக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ!

படம் இருந்தால் இன்சூரன்ஸ் சுலபமாகக் கிடைக்கும் என்றும் கட்டுரை சொல்கிறது. பழைய வண்டிக்கு என்னைப் போன்றவர்கள் கட்டுவது தேர்டு பார்ட்டி மட்டும். அதில் திருட்டுக்கு ஒரு பைசா வராது.

சரி, வண்டி கிடைத்த கதைக்கு வருகிறேன். பல மாதம் கழித்து, வேறு ஊர் ஸ்டேஷனுக்கு பாஸ்போர்ட் விசாரணைக்குப் போன என் மைத்துனர், வேப்பமரத்தடியில் குவித்திருந்த வண்டிகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு உறையைப் பார்த்துவிட்டு போன் செய்தார். நம்பர் பிளேட் இல்லை. சேஸிஸ் நம்பரை வைத்துத்தான் என் வண்டி என்று நிரூபித்தேன். அந்த நம்பரைக் கணினியில் தட்டியிருந்தால் என் பெயரும் விலாசமும் வந்திருக்கும். யாரும் தட்டவில்லை. அதன் பிறகு மனு, ஜாமீன்தாரர், கோர்ட் வாசல். கைக்கு வந்தபோது பெட்ரோல் டேங்க் துருவேறி ஓட்டை.

கைப்பற்றிய வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு மட்க விடாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவும், கோர்ட்டுக்கு வரும் பொருளுக்கு 14 நாளில் விவரப் பட்டியல், போட்டோ, வீடியோ, அதற்குப் பின் 30 நாளில் உத்தரவு என்கிறது. ஆக, வண்டியைப் படம் எடுக்கும் கடமை சட்டப்படி யாருக்கு இருக்கிறதோ அவர்களை விட்டுவிட்டு, வண்டியைப் பறிகொடுத்தவனுக்குப் பாடம் நடத்துகிறது தங்கள் இதழ். தங்கள் நிருபர்கள் ஸ்டேஷன்களுக்குப் போகாதவர்களா? அந்த வேப்பமரத்தடிகள் அவர்கள் கண்ணில் படவே இல்லையா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திருடன் முதலில் கழற்றுவது நம்பர் பிளேட்டைத்தான். அதனால் பிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஆர்.சி.யின் இரண்டு பக்கம், வண்டியில் இருக்கும் சொந்த அடையாளங்கள் இவற்றையும் படம் எடுக்கச் சொல்லி அடுத்த ஞாயிறு ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். முடிந்தால் கூடவே ஒரு எக்ஸ்எல் படம். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்தது ஏதோ வெளிநாட்டுக் கார்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ம. செ.,
தையல்காரர், மதுரை.