கோராவின் சுவரோவியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த இஸ்தான்புல் பயணக் கட்டுரை கோரா தேவாலயத்தின் மொசைக்குகளை, அதாவது சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த படங்களை, மெச்சிவிட்டு, பக்கத்துச் சிற்றாலயத்துச் சுவரோவியங்களை ஒரே வரியில் தாண்டிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தியோடர் மெட்டோகைட்டீஸ் என்ற பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) அமைச்சர் 1320-ஐ ஒட்டி வரையச் செய்தவை அவை.

அங்குள்ள உயிர்ப்பு ஓவியத்தில் கிறிஸ்து கல்லறையை விட்டு எழுந்து வரவில்லை, பாதாளத்துக்குள் இறங்கியிருக்கிறார். ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். உள்ளங்கையைக் கோக்காமல் மணிக்கட்டைப் பிடித்திருப்பதைக் கவனியுங்கள். கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்குகிற பிடி அது! வெள்ளை உடை காற்றில் விரிய, கால்கள் அகன்று, ஓடுகிற வேகம் தெரிகிறது. காலடியில் பெயர்ந்த கதவுகள், சிதறிய பூட்டு, சாவி, தாழ்ப்பாள்; நடுவே கட்டுண்ட சாத்தான். மேற்கூரையில் ஒரு தேவதூதர் சூரிய சந்திரரோடு வானத்தையே பாய் மாதிரி சுருட்டுகிறார்.

2024 முதல் அந்தக் கட்டடம் மீண்டும் மசூதி. சரி, அதைப் பற்றிய விவாதம் வேறு. ஓவியத்தை ஒருமுறை முழுப்பக்க வண்ணப்படமாகப் போடுங்களேன், தபால்தலை அளவில் வேண்டாம்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்