பனியன் துணிக்கு ஓர் அளவு, தறித் துணிக்கு வேறு அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குழந்தைகளுக்குத் துணி ஹேர்பேண்ட் தைப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ‘குழந்தையின் தலைச் சுற்றளவுக்குச் சமமான நீளத்தில், வீட்டில் மிச்சம் கிடக்கும் எந்தத் துணியையும் வெட்டிக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரிதான் எங்களை எழுத வைத்தது. அந்த அளவுக்கு, நன்றாக இழுபடும் பனியன் துணியை வெட்டித் தைத்தால், நாலு நாளில் தொளதொளத்துக் கண்ணை மறைக்கும். தறித் துணியை வெட்டி முனையோடு முனை சேர்த்தால், தையலுக்குப் போனது போக, தலைக்குள் இறங்கவே இறங்காது. குறிப்போடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல ஒன்று உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறோம்.

வேறு ஊர்ப் பத்திரிகை என்றால் விட்டிருப்போம். நம் திருப்பூர்ப் பக்கத்தில் காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் வாங்கிய பனியன் பிட்டும் (வெட்டு மிச்சம்), ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் எடுத்த பாவாடைத் துணியும், சோமனூர் விசைத்தறியில் இறங்கிய, வெளுக்காத காடாத் துணியும் ஒரே மூட்டையில் கிடக்கும். எது எது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். தறித் துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் நூல் ஏறக்குறைய நேராக வரும். பனியன் துணியில் அது பிரித்த ஸ்வெட்டர் நூல் மாதிரி நெளிநெளியாக வரும். கண்ணி கண்ணியாகப் பின்னியது விரிந்து கொடுக்கும். பாவும் ஊடையும் விரியாது, அங்கே இழுவையை எலாஸ்டிக்தான் தர வேண்டும். அளவு மாறுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

முதலில் அளவெடுப்பு. நெற்றியைச் சுற்றி எடுக்க வேண்டாம். பேண்ட் எந்த வழியில் உட்காருமோ அந்த வழியில் டேப்பை ஓட்டுங்கள்: பிடரியில் முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே, காதுக்குப் பின்னால், உச்சிக்குச் சற்று முன்னால். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிற அம்மிணி என்றால், சடை போட்ட பிறகு எடுங்கள். டேப் தலையோடு படிந்திருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. குழந்தைக்குக் குழந்தை மாறும் என்றாலும், 1 வயதில் 18 இன்ச், 5 வயதில் 20 இன்ச்சை ஒட்டி வரும். 10 வயதிலும் 21-ஐத் தாண்டுவது குறைவு.

20 இன்ச் தலைக்குத் தறித் துணியில் இரண்டு துண்டு வெட்ட வேண்டும். முன்பட்டை 15 இன்ச் நீளம், 5 இன்ச் அகலம். பிடரியில் வரும் எலாஸ்டிக் உறை 9 இன்ச் நீளம், 3 இன்ச் அகலம். முக்கால் இன்ச் எலாஸ்டிக் ஐந்தரை இன்ச். தையலுக்கு எங்கும் அரை இன்ச். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தைத்து முடித்த பின் முன்பட்டை 14, எலாஸ்டிக் நாலரை, மொத்தம் பதினெட்டரை. தலையில் உட்காரும்போது எலாஸ்டிக் நாலரையிலிருந்து 6 இன்ச்சுக்கு நீள்கிறது. மூன்றில் ஒரு பங்கு இழுவை, வலிக்காமல் நிற்க அது போதும். உறை தைத்த பின் 8 இன்ச் இருப்பதால், பேண்டைக் கழுத்துக்கு இறக்கி மேலே ஏற்றும்போது 22 இன்ச் வரை விரிந்து கொடுக்கும். உறையை எலாஸ்டிக் அளவுக்கே வெட்டிவிட்டால் எலாஸ்டிக் நீள விரும்பினாலும் துணி விடாது. முதல் தடவை மாட்டும்போதே தையல் படபடவென்று அறும். தலை ஓர் இன்ச் கூடினாலோ குறைந்தாலோ முன்பட்டையை மட்டும் ஓர் இன்ச் கூட்டுங்கள், குறையுங்கள். எலாஸ்டிக்கையும் உறையையும் தொட வேண்டாம்.

இரண்டு துண்டும் நூலோட்டத்தில் நேராக இருக்க வேண்டும். பிட்டில் இடம் போதவில்லை என்று க்ராஸாக வெட்டினால், தைக்கும்போதே துணி நழுவி, பட்டை கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

துணியை வெட்டும் முன் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள். காடாவுக்கு இது கட்டாயம். நெய்யும் முன் சைசிங்கில் பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி அப்படியே இருக்கும். வெட்டும்போது அட்டை மாதிரி நிமிர்ந்து நின்று ஏமாற்றும், முதல் சலவையில் கஞ்சி போய்த் துணியும் சுருங்கும். வெந்நீரில் ராத்திரி ஊறவைத்து அலசினால் போதும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத் துணியை ஒரு வெள்ளைத் துணியோடு ஈரமாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம். வெயிலில் விளையாடி வேர்க்கிற நெற்றியில் அது இறங்கும்.

தைப்பது சுலபம். முன்பட்டையை நல்ல பக்கம் உள்ளே வரும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் அரை இன்ச் விட்டு ஒரு தையல். ஒரு இன்ச்சுக்குப் 10 தையல் விழட்டும். திருப்பும் முன்பே தையல் விளிம்பை விரித்துத் தேய்த்துக்கொண்டால் திருப்பிய பின் மேடு தெரியாது. ஒரு முனையில் ஊக்கைக் குத்தி உள்ளே விட்டு மறுமுனையில் இழுத்தால் பட்டை திரும்பிவிடும். தையலை ஓரத்தில் விடாமல் பின்பக்க நடுவுக்குக் கொண்டுவந்து தேயுங்கள். இப்போது பட்டை 2 இன்ச் அகலம். உறையையும் இதேபோல் தைத்துத் திருப்பினால் 1 இன்ச் அகலம் வரும். முக்கால் இன்ச் எலாஸ்டிக் உருளாமல் ஓட அந்த இடம் சரி. எலாஸ்டிக்கை ஊக்கில் கோத்து உள்ளே விடும்போது, அதன் வால் முனையை உறையின் வாயோடு முதலிலேயே தைத்துவிடுங்கள். இல்லையென்றால் மறுமுனை வெளியே வருகிற நேரத்தில் இந்த முனை உள்ளே போய்விடும். நடுவில் முறுக்கு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மறுமுனையையும் தையுங்கள். எலாஸ்டிக் ஏறிய பிறகு உறையை இஸ்திரியால் தேய்க்காதீர்கள், சூட்டில் ரப்பர் செத்துப்போகும்.

இனி வருவதுதான் முக்கியம், இணைப்பு. உங்கள் குறிப்பில் ‘இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்படித் தைத்தால் பிசிர் முனை குழந்தையின் காதுக்குப் பின்னால் நாள் முழுக்க உரசும். சரியான முறை இது. முன்பட்டையை நல்ல பக்கம் மேலே பார்க்க மேஜையில் போடுங்கள். அதன் முனையோடு உறையின் முனை சமமாக வரும்படி, நட்ட நடுவில், உறையின் தையல் மேலே பார்க்க வையுங்கள். உறையின் மிச்சம் முன்பட்டையின் மேலேயே படுத்திருக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. உறைக்கு இருபுறமும் முன்பட்டை அரை அரை இன்ச் தெரியும். அந்த இரண்டு அரை இன்ச்சையும் வெற்றிலை மடிப்பது மாதிரி உறையின் மேல் மடித்தால், இரண்டு விளிம்பும் நடுவில் வந்து முட்டும். 5 இன்ச், 3 இன்ச் என்று அகலத்தைச் சொன்னது இதற்காகத்தான். முனையிலிருந்து அரை இன்ச் உள்ளே, போய் வந்து இரண்டு தையல். பிறகு முன்பட்டையைப் பின்னுக்குப் புரட்டினால் பிசிரெல்லாம் உள்ளே ஒளிந்து, இரு பக்கமும் சுத்தமாக இருக்கும். மறுமுனைக்கும் இப்படியே, ஆனால் தைக்கும் முன் பேண்ட் முறுக்காமல் வட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு முறுக்கு விழுந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

இந்த இடத்தில் ஊசிக்குக் கீழே முன்பட்டை 4 மடிப்பு, உறை 2 மடிப்பு, நடுவில் எலாஸ்டிக். 14 நம்பர் ஊசி போட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்குங்கள். வேகமாக மிதித்தால் ஊசி உடையும், அல்லது தையல் தாண்டும். பாப்ளின், பாவாடைத் துணி, நெகமம் காட்டன் சேலையின் மிச்சம் எல்லாம் இதற்குத் தோதானவை. சென்னிமலைப் பெட்ஷீட் பிட் நிறம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் 6 மடிப்பு வீட்டு மிஷினுக்கு ஏறாது. பவானி ஜமுக்காளத்தில் யாரும் தைக்கப் போவதில்லை என்று நம்புகிறோம். வாயில் துணி (voile) போல மெலிந்தது என்றால் உள்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் சுருங்கி நூல்கயிறாகிவிடும். சாட்டின் வேண்டாம், எண்ணெய்த் தலையில் வழுக்கும்.

எலாஸ்டிக்கைக் கடையிலேயே 5 இன்ச் பிடித்து 9 வரை இழுத்து விடுங்கள். பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். கயிறு மாதிரிப் பின்னிய எலாஸ்டிக் இழுக்கும்போது அகலம் குறுகி, உறைக்குள் உருண்டு முறுக்கிக்கொள்ளும். நெய்த எலாஸ்டிக் அகலம் மாறாது. ரப்பருக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது, அதனால் பேண்டை அடிக்கடி சோப்புப் போட்டு அலசி நிழலில் காயப்போடுங்கள்.

பனியன் துணிக்கு எலாஸ்டிக்கே தேவையில்லை. ஆனால் எந்தப் பனியன் துணி என்று பார்க்க வேண்டும். 4 இன்ச்சைப் பிடித்து இழுத்தால் 6 வரை போய், விட்டதும் 4-க்கே வருவது நல்லது. ரிப் (வரிவரியாகப் பின்னிய துணி), லைக்ரா (இழுவை நூல்) கலந்த ஜெர்சி இரண்டும் அப்படி வரும். லைக்ரா இல்லாத சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட் துணி) 6 வரை போகும், ஆனால் முழுதாகத் திரும்பாது; வெட்டியதும் ஓரம் வேறு சுருண்டுகொள்ளும். பழகாதவர்கள் ரிப் அல்லது இன்டர்லாக் (இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பின்னல் துணி) எடுங்கள், ஓரம் சுருளாது. துணி எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ, அந்தப் பக்கம்தான் பேண்டின் நீளம். பெரும்பாலும் அது துணியின் அகலவாக்கு. மாற்றி வெட்டினால் தலைக்கு ஏறாது.

20 இன்ச் தலைக்கு ரிப்பிலும் லைக்ராவிலும் 19 இன்ச் நீளம், ஐந்தரை இன்ச் அகலம் வெட்டுங்கள். தையல் போக 18 நிற்கும், தலையைவிட 2 இன்ச் குறைவு. இழுவை குறைந்த இன்டர்லாக்குக்கு 20 வெட்டி 19-ல் நிறுத்துங்கள். நீளவாக்கில் மடித்துத் தைத்துத் திருப்பி, இரண்டு முனையின் வாயையும் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து, மிஷின் போகும் வரை சுற்றித் தைத்து, மிஞ்சிய இடைவெளியைக் கையால் மூடுங்கள்.

இங்கே பெரிய தப்பு ஊசியில் நடக்கும். சட்டை தைக்கிற கூர்ஊசி கண்ணியை அறுக்கும். அன்றைக்குத் தெரியாது, துவைத்ததும் தையலோரம் சின்னச் சின்ன ஓட்டையாகக் கிளம்பும். 11 நம்பர் பால்பாயிண்ட் ஊசி கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். ஓவர்லாக் இருந்தால் நல்லது, ஜிக்ஜாக் இருந்தாலும் போதும். நேர்த்தையல் மட்டும்தான் என்றால் பாலியஸ்டர் நூல் போட்டு, துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இழுக்காமல் தைத்த நேர்த்தையல், துணி நீளும்போது தான் நீளாமல் அறுந்துபோகும்.

தைத்த பேண்டைக் குழந்தைக்கு அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். தோலில் கோடு பதிந்திருந்தால் இறுக்கம். பட்டையைப் பிரித்து அரை இன்ச் விடுங்கள். பின்னால் நழுவி மேலே ஏறிக் கழன்றால் தளர்வு, அல்லது எலாஸ்டிக் பிடரிக்கு மேலே மண்டையின் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் இணைப்பு குத்துகிறது என்றால், முன்பட்டையைக் குட்டையாக வெட்டி எலாஸ்டிக்கை நீட்டிவிட்டீர்கள். 20-ல் 14 முன்பட்டையாக இருந்தால் இணைப்பு எலும்பைத் தாண்டிப் பிடரிப் பக்கம் போய்விடும்.

இனி அந்தப் படம். தொட்டிலில் தூங்கும் கைக்குழந்தைக்கு, நடுவில் முத்துப் பொத்தான் வைத்த பேண்ட். கைக்குழந்தை தூங்கும்போது தலையில் பேண்டே இருக்கக் கூடாது. நழுவி மூக்கையும் வாயையும் மூடினாலோ கழுத்துக்கு இறங்கினாலோ எடுத்துவிட அதற்குக் கை தெரியாது. விழித்திருக்கும்போதும், பெரியவர் கண்முன்னால், மெல்லிய பனியன் துணியில், எலாஸ்டிக் இல்லாமல், கொஞ்ச நேரம் மட்டும். 3 வயதுக்குள் முத்து, பொத்தான், மணி எதுவும் வேண்டாம். பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். அழகு வேண்டுமென்றால் அதே துணியில் ஒரு பூவோ முடிச்சோ தைத்து வையுங்கள்.

அடுத்த இணைப்பில் அந்த அளவு வரியை எடுத்துவிட்டு, தறித் துணிக்கும் பனியன் துணிக்கும் தனித்தனி அளவு போட்டு, படத்தையும் மாற்றி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு மடிப்பைக் கோட்டுப் படமாகப் போட்டால் இன்னும் நல்லது, எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் முதல் தடவை தைப்பவருக்கு அந்த இடம் குழப்பும்.

இப்படிக்கு,
பவர் டேபிள் (மின் தையல் மிஷின்) தையல்காரர்கள் சிலர்,
திருப்பூர்.